உருளைக்கு நாலு பேர்

பொழுது விடிவதற்குள் பாய்லர் சீறத் தொடங்கிவிடும். நாங்கள் உள்ளே நுழையும்போது கூடம் முழுக்க ஆவி நிற்கும். எதிரே வருகிறவர் யாரென்று செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் தெரியும். ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பெல்லாம் எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். யாரோ வலியில் புரண்டது, யாரோ பிள்ளை பெற்றது, யாரோ போய்ச் சேர்ந்தது எல்லாம் ஒரே மூட்டையில் வரும். வெளுத்துப் பிழிந்து எங்கள் கைக்கு வரும்போது அது வெறும் ஈரத்துணி. யாருடையது என்று நாங்கள் கேட்பதில்லை.

எங்கள் வேலை உருளையில். இரண்டு ஆள் நீளத்துக்கு இரும்பு உருளை. உள்ளே ஆவி ஓடும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சுருக்கென்று காய்ந்து காணாமல் போகும். முன்னால் இரண்டு பேர் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஊட்டுவது என்றுதான் நாங்கள் சொல்வோம். பிள்ளைக்கு ஊட்டினால் ஒரு கட்டத்தில் போதும் என்று தலையை ஆட்டும். இது ஆட்டாது. பின்னால் இரண்டு பேர், கொதிக்கக் கொதிக்க வருவதை வாங்கி மடிக்க வேண்டும். ஆக உருளைக்கு நாலு பேர்.

உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். அதற்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் துணி முனை பட்டாலும் நின்றுவிடும். நின்றால் வேலை தேங்கும். ஆகவே சூப்பர்வைசர் ஒரு கிழிந்த விரிப்பைக் கீறி, அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டார். கட்டு அழுக்கேறிக் கறுத்துப்போகும் அளவுக்கு அது அங்கேயே கிடந்தது. நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

முன்னால் ஊட்டுவது நானும் காலேஜும். காலேஜ் என்பது ஒரு பெண். விடியற்காலை வேலை செய்துவிட்டு அப்படியே கல்லூரிக்குப் போகிறவள் என்பதால் அந்தப் பெயர். பின்னால் ரேடியோவும் என் அண்ணியும். ரேடியோவை நிறுத்த எந்தக் கம்பியாலும் முடியாது. அண்ணி என் அண்ணன் பெண்டாட்டி. வீட்டிலும் ஒரே அடுப்படி, வேலையிலும் ஒரே உருளை. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். பேசாததையும் சேர்த்து ரேடியோ பேசிவிடுவாள்.

ஒரு நாள் விரிப்பை இழுத்தேன், மறுமுனை வரவில்லை. திரும்பிப் பார்த்தால் காலேஜ் நின்றபடியே தூங்குகிறாள். கை மட்டும் முனையைப் பிடித்திருக்கிறது, அந்தக் கை உருளைக்கு ஒரு சாண் தூரத்தில். முனையை வெடுக்கென்று பிடுங்கி அவளை இந்தப் பக்கம் இழுத்தேன்.

"என்னடி, சாகப் பாக்கறியா?"

"இல்லக்கா, கண்ணு சொருகிடுச்சு."

"ராத்திரி தூங்கறதில்லையா?"

"படிக்கணும்ல."

தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவவைத்து விசாரித்தேன். அவள் படிப்பது வேதியியல். காலையில் முதல் வகுப்பே லேப். எங்கள் ஷிப்ட் முடிந்து ஓடினால் பாதி லேப் போயிருக்கும்; கதவைச் சாத்திவிடுவார்கள். லேப்புக்கு ஒழுங்காக வராதவளைப் பரீட்சை எழுத விடமாட்டேன் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டாராம். வேலையை விட்டால் ஃபீஸ் கட்ட வழியில்லை. ஒண்டியிருப்பது சித்தி வீட்டில். "கூரை தரேன், படிப்புக்கு என்னால ஆகாது" என்று சித்தி முதலிலேயே சொல்லியிருக்கிறாள். சித்தியைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அவளும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள்.

"இங்க ப்ளீச்சிங், அங்க ஆசிட். உன் கைக்கு விடிவே இல்லடி" என்றாள் ரேடியோ. காலேஜ் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். முதலாளியின் அறைக்குக் கண்ணாடிச் சுவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூடம் முழுக்கத் தெரியும்.

"சார், இந்தப் பொண்ணுக்கு காலையில ஆஸ்பத்திரி வண்டி வர்ற வரைக்கும் மட்டும் வேலை போட்டுக் குடுங்க. அப்புறம் காலேஜ் போயிடும். விட்ட நேரத்தை சாயங்காலம் வந்து செஞ்சுடும்."

முதலாளி எழுந்து எங்களுக்கு நாற்காலியைக் காட்டினார். நாங்கள் உட்காரவில்லை.

"நானும் படிப்பு இல்லாம கஷ்டப்பட்டு மேல வந்தவன்தாம்மா. படிக்கிற புள்ளைங்களைப் பாத்தா எனக்கு அவ்வளவு மரியாதை."

"அப்போ நேரத்தை..."

"மரியாதை வேற, ஷிப்ட் வேற. இவளுக்கு ஒரு நேரம், உனக்கு ஒரு நேரம்னு போட்டுக் குடுத்தா, நான் முதலாளியா, ஸ்கூல்ல டைம்டேபிள் எழுதறவனா? முடியலைன்னா பாப்பா நின்னுக்கட்டும். வெளிய எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா?"

இதை அவர் சிரித்த முகத்தோடு மெதுவாகச் சொன்னார். கத்துகிற முதலாளிக்குப் பதில் சொல்லிவிடலாம். இவர் குரல் தாழத் தாழத்தான் எனக்குப் பயம் ஏறும்.

கீழே வந்ததும் அண்ணிதான் முதலில் பேசினாள். "வண்டி வந்ததும் அவ போகட்டும். நான் முன்னால வந்துடறேன்."

"அப்போ பின்னால நான் ஒத்தையா?" என்றாள் ரேடியோ.

"வாயைக் கொஞ்சம் மூடினா ரெண்டு ஆள் வேலை செய்யலாம் நீ" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும். காலேஜ் முனையை அண்ணி கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாக நழுவுவாள். மீதி ஷிப்ட்டை மூன்று பேராக ஓட்டுவோம். முதல் சில நாள் மூச்சு வாங்கியது. பிறகு ஒரு லயம் பிடிபட்டது. ரேடியோ மார்பிலும் முழங்கையிலும் துணியை அணைத்து ஒற்றை ஆளாக மடிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் பின்தங்கினால் நான் ஓடிப்போய் இரண்டு மடிப்புப் போட்டுவிட்டு வருவேன், அதுவரை அண்ணி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி ஊட்டுவாள். குவியல் தேங்கவில்லை. காலேஜ் லேப்புக்கு நேரத்தில் போனாள். கன்னத்தில் கொஞ்சம் சதை கூடப் போட்டாள்.

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கூடத்தின் மறுபக்கம் இருக்கும் இரண்டாவது உருளைக்காரிகளிடம் ரேடியோ பீற்றிக்கொள்வாள்: "நீங்க நாலு பேர் ஓட்டறதை நாங்க மூணு பேர் ஓட்டறோம், பாத்தீங்களா?" நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி நின்று பார்ப்பது ஒரு நாள் தெரிந்தது. மறுநாளும் நின்றார். நாங்கள் ஒளிக்க நினைத்தது காலேஜ் போவதை. அவர் பார்த்தது அதை அல்ல.

மூன்றாவது முறை அவர் கீழேயே வந்துவிட்டார். காலேஜ் அப்போதுதான் போயிருந்தாள். ஆனால் அவர் கோபப்படவில்லை. கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார்.

"நல்லா பண்றீங்கம்மா. இவ்வளவு நாள் நான்தான் ஏமாளியா இருந்திருக்கேன். உருளைக்கு மூணு பேர் போதும்."

"சார், அது அந்தப் பொண்ணுக்காக, கொஞ்ச நேரம் மட்டும்..."

"கண்ணால பாத்தேன்மா. நீங்கதானே காட்டினீங்க?"

அன்றே இரண்டாவது உருளையில் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் உருளையில் காலேஜை 'கூப்பிடும்போது வருகிற ஆள்' ஆக்கினார்கள். சுமை அதிகமான நேரத்தில் போன் வரும், வர வேண்டும், வராவிட்டால் அடுத்த போன் வராது. உருளையின் வேகத்தையும் கூட்டி வைத்தார்கள்.

இரண்டாவது உருளையில் மூத்தவளை எல்லோரும் போலீஸ் என்போம். அவள் முறைத்தால் சூப்பர்வைசரே ஒதுங்கிப்போவார். வேலை போனவள் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. போலீஸ் குழாயடியில் என் வழியை மறித்தாள்.

"உங்க புண்ணியத்துக்கு எங்க ஆளு தலையா?"

"அந்தப் பொண்ணு படிக்கட்டும்னுதான்" என்றேன்.

"எங்களைக் கேட்டீங்களா? நாலு பேருமா சேர்ந்து நின்னு நேரம் வேணும்னு கேட்டிருக்கலாம், நாங்களும் நின்னிருப்போம். அதை விட்டுட்டு, அவ இல்லாமலே ஓட்டிக் காட்டுனீங்க." குடத்தை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்த உருளைப் பக்கமிருந்து எங்களோடு யாரும் பேசவில்லை.

போன் வருவதற்கு நேரம் காலம் கிடையாது. வகுப்பு நடக்கும்போது வரும், பஸ்ஸில் வரும். காலேஜ் பாதி வகுப்பில் எழுந்து வருவாள், லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல். மறுபடி கண்ணுக்குக் கீழே கருமை விழுந்தது. இன்னொரு லேப் தவறினால் பரீட்சை கிடையாது என்று துறைத் தலைவர் முடிவாகச் சொல்லிவிட்டதாக ஒரு நாள் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கூடமே மாறிப்போயிருந்தது. வேகம் கூடியதிலிருந்து உருளை ஒரு மாதிரி முனகும். துணி கருகும் வாடை எப்போதும் மூக்கில் நிற்கும். ஒவ்வொருத்தி கையிலும் புதிதாகச் சூட்டுத் தழும்பு. ரேடியோ பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருமுறை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாலு பேர் இல்லாம இந்த உருளையை ஓட்டறோம். கடைசியில நம்மளைத் தூக்கிட்டுப் போகவாவது நாலு பேர் வருவாங்களா, இல்ல அதுக்கும் மூணே போதும்பாரா?" அவளே சிரித்தாள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அன்று விடியற்காலையிலேயே காலேஜைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம். மூட்டைகள் கூரைவரை ஏறியிருந்தன. முன்னால் அண்ணியும் காலேஜும், பின்னால் நானும் ரேடியோவும். வெகு நாளைக்குப் பிறகு ஷிப்ட் தொடக்கத்திலேயே நாலு பேர். ஹாரன் கேட்டது. காலேஜ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு லேப் டெஸ்ட்க்கா" என்றாள். "ஆனா இவ்வளவு துணி கெடக்கே."

"கெடக்கட்டும். நீ போடி. நாங்க பாத்துக்கறோம்."

அண்ணியும் தலையை ஆட்டினாள். காலேஜ் போய்விட்டாள்.

அண்ணி ஒற்றை ஆளாக ஊட்ட ஆரம்பித்தாள். பின்னால் துணி வந்து கொட்டுகிறது, நிமிரவே முடியவில்லை. நான் முன்னால் போயிருக்க வேண்டும். இந்த ஒன்றை முடித்துவிட்டுப் போகிறேன், இந்த ஒன்றை முடித்துவிட்டு என்று மடித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த விரிப்புக்குக் கையை நீட்டினேன். வெள்ளைத் துணியில் சிவப்பாகக் கறை.

'கழுதைங்க, ஒழுங்கா வெளுக்கவே இல்லை' என்று வெளுப்பு ஆட்களைத் திட்டினேன். ஆஸ்பத்திரித் துணியில் இரத்தக்கறை தினமும் பார்ப்பதுதானே. தனியே வீச அதைக் கையில் எடுத்தேன். கறை ஈரமாக இருந்தது. உருளைக்குள் போய் வந்தும் காயாத அளவுக்கு அது புது இரத்தம். அதை நான் உணர்ந்த நேரத்தில்தான் அண்ணி கத்தினாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

இயந்திரத்தை யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. போலீஸ் தன் உருளையை விட்டுவிட்டு ஓடிவந்து அண்ணியைத் தோளில் தாங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கம்பி மேலே, கறுத்த கட்டோடு, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு விரல் போய்விட்டது. மீதியும் பிழைத்தால்தான் உண்டு என்றார் டாக்டர்.

மறுநாள் மத்தியானம் முதலாளி வார்டுக்கு வந்தார். பழப்பையைக் கட்டில் பக்கத்தில் வைத்தார். அண்ணி கண்ணை மூடிக் கிடந்தாள். என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"செலவு பூரா நான் ஏத்துக்கறேன்மா. ஆபரேஷன், மருந்து, எல்லாம். நம்ம குடும்பம் மாதிரி."

"சரிங்க சார்."

"விசாரிக்க யாராவது வருவாங்க. நடந்ததை மட்டும் சொன்னாப் போதும். அந்தப் பொண்ணு சொல்லாம கொள்ளாம எடத்தை விட்டுப் போயிடுச்சு. அதனாலதான் ஆச்சு. அவ்வளவுதானே நடந்தது?"

பொய் சொல்வானேன், நான் உடனே மறுக்கவில்லை. என் அண்ணன் முகம், வீட்டுச் சமையலறை, இனி ஒரு கையால் அண்ணி என்ன செய்வாள், இதெல்லாம் ஒன்றாக என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. காலேஜுக்கு நாங்கள் யார்? பெற்றவர்களா, கூடப்பிறந்தவர்களா? தலையை ஆட்டினால் போதும். அந்த நினைப்பு வந்ததற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

"அவ சொல்லிட்டுத்தான் போனா."

திரும்பிப் பார்த்தோம். அண்ணி கண்ணைத் திறந்திருந்தாள்.

"நான்தான் தலையாட்டினேன். அதையும் சொல்லுங்க. கம்பியைத் தூக்கிக் கட்டினது யாருன்னும் சொல்லுங்க. அந்தப் பொண்ணா கட்டினா?"

"நீங்க ஓய்வெடுங்கம்மா. மருந்து மயக்கத்துல பேசறீங்க."

"மயக்கத்துலதான் இவ்வளவு நாள் வேலை செஞ்சேன். இப்போதான் தெளிஞ்சிருக்கு."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. "நல்லா யோசிங்க. ஆஸ்பத்திரிச் செலவு சின்ன விஷயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். பழப்பையை மறக்காமல் விட்டுவிட்டுத்தான் போனார்.

நான் அண்ணியின் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் நல்ல கையால் படுக்கையைத் தடவினாள். "இந்த விரிப்பு நம்ம உருளையில போட்டதுதான். ஓரம் கோணலா இருக்கு பாரு. ரேடியோ மடிச்சது." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சாயங்காலம் காலேஜ் வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரக் கால் வரவில்லை அவளுக்கு.

"நான் படிப்பை நிறுத்திடறேன்க்கா. சூப்பர்வைசர் போன் பண்ணினார். இவங்க எடத்துல நாள் பூரா நிக்கணுமாம். காலேஜா வேலையான்னு நாளைக்குச் சொல்லணுமாம். நான் நிக்கறேன். வர்ற சம்பளத்தை உங்க வீட்டுக்குக் குடுத்துடறேன்."

"அறைஞ்சேன்னா பாரு" என்றேன். என் குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

அண்ணி அவளைக் கிட்டே கூப்பிட்டாள். "இங்க பாரு. விரல் போயிடுச்சு. அதுக்குப் பதிலா நீ படிப்பையும் விட்டேன்னா, அவருக்கு ரெண்டு லாபம். எனக்கு என்ன லாபம்? பரீட்சை எழுது. அதைத் தவிர வேற எதுவும் நீ எனக்குக் குடுக்க வேணாம்."

காலேஜ் கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்து அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேறு வேலை இருந்தது.

இருட்டுவதற்குள் போலீஸ் வீட்டுக்குப் போனேன். ரேடியோவும் கூட வந்தாள். போலீஸ் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"உங்க ஆளுக்கு அடிபட்ட பிறகுதான் எங்க நெனப்பு வருதா?"

"ஆமா" என்றேன். "இப்போதான் வருது. நீங்க குழாயடியில சொன்னது நெசம். அவ எடத்துல நாங்க நின்னதுதான் தப்பு. இனிமே நிக்கமாட்டோம். நாளைக்கு ஹாரன் அடிச்சதும் அவ லேப்புக்குப் போவா. நானும் இவளும் கையைக் கீழ போட்டுடுவோம். நாலாவது ஆளைப் போட்டாத்தான் உருளை ஓடும். கம்பியை அவிழ்க்கணும். அந்தப் பொண்ணு நேரத்தை முதலிலேயே முடிவு பண்ணிக் குடுக்கணும். அண்ணி செலவு, உங்க பக்கத்து வீட்டு ஆளோட வேலை, எல்லாம்."

"ரெண்டு பேர் கையைக் கீழ போட்டா? அடுத்த மூட்டை வர்றதுக்குள்ள உங்களை வெளிய தள்ளிடுவார்."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தோம்" என்றாள் ரேடியோ. அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசியது அன்றுதான்.

போலீஸ் கடைசித் துணியையும் கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டினாள். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, அதைப் பார்த்தாள். "பாக்கலாம்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. வரும் வழியெல்லாம் அந்தப் 'பாக்கலாம்' என்ன பாக்கலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

காலையில் கூடம் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. செய்தி எப்படியோ பரவியிருந்தது. வெளுப்புப் பகுதி ஆண்கள் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். வாசலில் புதிதாக இரண்டு காவலாளிகள். கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி முன்கூட்டியே வந்து நின்றிருந்தார். காலேஜ் என் எதிர்முனையில் நின்றாள். ஊட்டினோம். உதறு, இழு, கொடு. பின்னால் ரேடியோ ஒற்றை ஆள். போலீஸ் தன் உருளையில் குனிந்த தலை நிமிரவில்லை. எங்கள் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை.

ஹாரன் அடித்தது.

காலேஜ் முனையை விடவில்லை. "அக்கா, பயமா இருக்கு. நான் போனதும் உங்களை..."

"போடி. உன் எடத்துல யாரும் நிக்கமாட்டோம்."

முனையை விட்டாள். நானும் என் முனையை விட்டேன். ஈர விரிப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் விழுந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, இந்த முறை பின்பக்கமாக அல்ல, கூடத்தின் நடுவழியே நடந்தாள். ரேடியோ கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். உருளை ஒன்றும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலாளி படி இறங்கி வந்தார். அவசரமே இல்லை.

"என்னம்மா?"

"உருளைக்கு நாலு பேர் சார். இப்போ ரெண்டு பேர்தான் இருக்கோம்."

"மூணு பேர் ஓட்டினீங்களே."

"ஓட்டினோம். ரெண்டு விரல் போச்சு."

"அந்தப் பொண்ணுக்கு இனிமே இங்க எடமில்லை. அவளுக்காக உங்க வேலையையும் கெடுத்துக்கப் போறீங்களா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டாவது உருளைப் பக்கம் திரும்பிப் போலீஸைப் பார்த்தார். "நீ வாம்மா. இவங்களால உன் பக்கத்து வீட்டுக்காரி வேலை போச்சு. உனக்குத்தான் தெரியுமே. வந்து இங்க நில்லு. நாளைக்கே அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கலாம்."

போலீஸ் தன் உருளையை விட்டு நகர்ந்தாள். எங்களை நோக்கி வந்தாள். என் உயிர் என்னிடம் இல்லை. அவர் கொடுக்கிறேன் என்றது அவள் கேட்டதைத்தான். அவள் எடுத்துக்கொண்டால் அவளை நான் திட்ட முடியாது. காலேஜ் நின்றிருந்த இடத்துக்கு நேராக வந்தாள். தரையில் கிடந்த விரிப்பைத் தாண்டினாள். கையை மேலே நீட்டி, அந்தக் கறுத்த கட்டை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். கம்பி தடாலென்று கீழே இறங்கி, அவள் கை பட்டு, உருளை நின்றது.

"அவளைக் கூப்பிடுங்க சார்" என்றாள். "கூப்பிட்டாலும் இந்த எடத்துல நான் நிக்கமாட்டேன். எங்க உருளைக்கும் நாலு பேர்."

அவளுடைய உருளையில் மீதி இருந்த இருவரும் கையைக் கீழே போட்டார்கள். வெளுப்புப் பகுதியில் ஒரு இயந்திரம் அடங்கியது, பிறகு இன்னொன்று. ஆண்கள் ஈரக் காலோடு ஒவ்வொருவராக வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. என்ன கோஷம் போடுவது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. பாய்லரின் சீறல் மட்டும் கேட்டது. வெளியே ஆஸ்பத்திரி வண்டி திரும்பத் திரும்ப ஹாரன் அடித்தது.

முதலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், முகத்தை மனதில் எழுதிக்கொள்கிறவர் போல. நாளைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா, அண்ணியின் மருந்துக்கு என்ன வழி, ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் காலி இடத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது காலியாகவே இருந்தது.

அவர் காவலாளியைக் கூப்பிட்டார். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"கேட்டைப் பூட்டு. ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

இரும்புக் கேட் இழுபடும் சத்தமும் பூட்டு விழும் சத்தமும் கேட்டன. ரேடியோ என் காதருகே குனிந்து, "காலேஜ் இந்நேரம் பஸ் ஏறியிருப்பா" என்றாள்.